மின்னேற்றியை ஆளும் இரு கம்பிகள்

மின்சாரத்தை உண்டாக்குவதிலும் பார்க்க அதனைச் சேமித்து வைப்பது கடினமான காரியம். மழைநீரைக் குளத்திலே தேக்கலாம். அறுவடை செய்த நெல்லைக் களஞ்சியத்திலே கொட்டி வைக்கலாம். மின்சாரத்தை அவ்வாறு உள்ளபடியே அள்ளி வைத்தல் எளிதன்று. அதனை இரசாயனச் சத்தியாக மாற்றி வைத்து, வேண்டியபோது மீண்டும் மின்சாரமாகப் பெற உதவும் சாதனமே சேமிப்பு மின்கலம். கலங்கள் பலவற்றைச் சேர்த்தமைத்த தொகுதியை மக்கள் பற்றரி என்பர். 1859 ஆம் ஆண்டிலே காஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி ஈயத் தகடுகளைக் கந்தகவமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க முதலாவது கலத்தை ஆக்கினார். அன்று தொட்டு இன்றுவரை பற்றரியைக் கையாள்வோர் எல்லோரும் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டியவராயினர். எவ்வளவு வோல்ற்றளவில் மின்னேற்றுவது? எவ்வளவு மின்னோட்டத்தைச் செலுத்துவது? எந்நிலையிலே மின்னேற்றலாகாது? எப்பொழுது நிறுத்துவது?

ஈயப் பற்றரிகளுக்கு மின்னேற்றிக் கொடுக்கும் கடைகளைப் பார்த்தவர்கள் இவ்வினாக்களுக்கு விடை கண்ட பழைய முறையை அறிவர். அங்கே அநுபவமுள்ள ஒருவர் இருப்பார். கண்ணாடிக் குழாய் ஒன்றினால் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் மானி எவ்வளவு உயர்கின்றது என்று நோக்குவார். அமிலத்தின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 1.26 அல்லது 1.28 என்ற அளவை எட்டினால் பற்றரி நிறைந்துவிட்டது என்று தீர்மானிப்பார். கலத்தில் குமிழிகள் மிகுந்து எழுந்தால் மின்னோட்டத்தைக் குறைப்பார். அக்குமிழிகளில் ஐதரசன் வாயு உண்டு என்பதனால் அருகே நெருப்பை அணுகவிடார். மின்னேற்றும் யந்திரம் வெறும் யந்திரமே. பற்றரியைக் காத்தது அந்த மனிதரின் கவனமே. அந்தக் கவனத்தை ஒரு சிறு கணினியிடம் ஒப்படைப்பது எங்ஙனம், ஒப்படைக்கும்போது எவ்வெவற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பனவே இங்கு விளக்கப்படுகின்றன.

ஈயப் பற்றரி ஓரளவு பொறுமையுடையது. சிறிது கூடுதலாக மின்னேற்றினால் நீர் வற்றும், ஆயுள் குறையும், பெரும்பாலும் அம்மட்டோடு தீங்கு நின்றுவிடும். 1991 ஆம் ஆண்டிலே யப்பான் நாட்டின் சொனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இலிதியம் அயன் பற்றரியோ அத்தகைய பொறுமை உடையதன்று. நிறை குறைந்தது; மிகுந்த சத்தியை அடக்கி வைப்பது; கைத்தொலைபேசி முதல் மோட்டார் வாகனம் வரை இன்று எங்கும் காணப்படுவது. இதனை உருவாக்கிய பணிக்காக ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்காம், அக்கிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் இதன் சாதாரண வகைக் கலம் ஒவ்வொன்றுக்கும் 4.2 வோல்ற்று என்பது எல்லைக்கோடு. அதனைத் தாண்டினால், இலிதியம் உலோகமாகவே எதிர்முனைத் தகட்டிலே படியத் தொடங்கும், உள்ளிருக்கும் திரவம் சிதையும், வெப்பம் பெருகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி இக்கலத்துக்கு அப்படியே பொருந்தும்.

வெப்பம் ஓர் எல்லையைக் கடந்தபின் அதுவே மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும். ஒரு கலம் எரிந்தால் பக்கத்துக் கலமும் பற்றிக்கொள்ளும். 2013 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் போயிங் 787 வகை விமானம் ஒன்றின் பற்றரி அமெரிக்காவின் பொஸ்ரன் விமான நிலையத்தில் தீப்பற்றியது. சில நாட்களுள் அவ்வகை விமானம் மற்றொன்று பற்றரிக் கோளாற்றினால் யப்பானில் அவசரமாகத் தரையிறங்கியது. அவ்வகை விமானங்கள் யாவும் சில மாதங்கள் பறக்காது நிறுத்தி வைக்கப்பட்டன. பொஸ்ரன் சம்பவத்துக்கு மூலகாரணம் மின்னேற்றி அன்று. ஒரு கலத்தினுள் ஏற்பட்ட குறுக்குச்சுற்றே என்று ஆய்வாளர் கண்டனர். எனினும் ஒரு கலத்தில் எழுந்த வெப்பம் முழுத் தொகுதியையும் அழிக்க வல்லது என்ற உண்மையை அச்சம்பவம் உலகுக்கு உணர்த்தியது. அத்தகைய பொருளை ஆளும் கட்டளையை ஒரு சிறு கணினியின் கையிலே கொடுப்பது விளையாட்டன்று.

இலிதியம் அயன் பற்றரிக்கு மின்னேற்றும் முறை மூன்று கட்டங்கள் கொண்டது. மிகவும் வெறுமையாகிக் கிடக்கும் கலத்துக்கு, நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது போலச் சிறு மின்னோட்டமே முதலில் செலுத்தப்படும். கலம் ஏறத்தாழ 3 வோல்ற்றை அடைந்த பின்னர், மாறாத மின்னோட்டம் ஒன்று வேகமாகச் செலுத்தப்படும். 4.2 வோல்ற்றை எட்டியதும் வோல்ற்றளவு அங்கேயே நிலைநிறுத்தப்பட, மின்னோட்டம் தானாகவே குறைந்துகொண்டு வரும். அது தொடக்கத்தில் இருந்ததன் பத்தில் ஒரு பங்களவுக்கு அல்லது அதனிலும் கீழே இறங்கியபோது மின்னேற்றத்தை நிறுத்திவிடுதல் வேண்டும். இவற்றோடு வெப்பநிலையையும் கவனித்தல் அவசியம். சாதாரணக் கலங்களை நீர் உறையும் நிலைக்குக் கீழே மின்னேற்றலாகாது. ஏறத்தாழ 45 பாகை செல்சியசுக்கு மேலும் மின்னேற்றலாகாது.

இவ்வளவையும் இடைவிடாது கவனிக்க மனிதரால் இயலாது. அதற்குத் தக்க துணையாக வாய்த்தது ஒற்றைப் பலகைக் கணினி. ஒரு முழுக் கணினிக்கு வேண்டிய உறுப்புக்கள் யாவும் உள்ளங்கை அளவான ஒரே பலகையில் அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. இவ்வகையிற் பெரும் புகழ் பெற்றது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாகி 2012 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆம் திகதி வெளிவந்த ராஸ்பெரி பை. மாணவர் கணினிக் கலையைக் கற்கவேண்டும் என்ற நோக்கத்தோடு, 35 அமெரிக்க டொலர் விலையில் அது விற்கப்பட்டது. அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஊசி முனைகள் வாயிலாகப் பிற கருவிகளோடு அது பேச வல்லது. மழைமானியைக் கவனிக்கும் கருவியாகவோ, மின்தடை வேளையிலும் இயங்கவேண்டிய பதிவுக்கருவியாகவோ அதனைப் பயன்படுத்துவோர் அதற்குப் பற்றரி ஒன்றை இணைக்கின்றனர். பற்றரி வந்தால் மின்னேற்றியும் வரும்.

கணினியும் மின்னேற்றியும் பேசுவதற்கு ஒரு வழி வேண்டும். பல கம்பிகளை ஒருங்கே நீட்டி, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வோர் இலக்கத்தை ஒரே கணத்தில் அனுப்பலாம். அவ்வாறு செய்தால் கம்பிகளே பெருஞ்சுமையாகும். ஒரே கம்பியில் இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றையடிப் பாதையிலே மக்கள் வரிசையாய் நடப்பது போல, அனுப்புவது மற்றொரு முறை. இதற்கே தொடர்வழிப் பாட்டை என்று பெயர். பலரும் நடக்கும் பொதுவழி பாட்டை எனப்படுமாப்போல, கருவிகள் பல ஒரே கம்பிகளைப் பொதுவாகக் கொள்வதால் இங்கும் அப்பெயர் பொருத்தமாயிற்று. 1982 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம், தொலைக்காட்சிப் பெட்டி போன்ற கருவிகளுக்குள்ளே இருக்கும் சில்லுகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக இரு கம்பிகள் மட்டுமே கொண்ட பாட்டை ஒன்றை வகுத்தது. ஐ2சி என்று அது வழங்கும்.

அவ்விரு கம்பிகளில் ஒன்று தரவுக் கம்பி. மற்றையது கடிகாரக் கம்பி. தாளம் போடுபவரின் கை அசைவுக்கேற்ப இசைப்போர் பாடுவது போல, கடிகாரக் கம்பியின் ஒவ்வொரு துடிப்புக்கும் தரவுக் கம்பியில் ஒன்று அல்லது பூச்சியம் என்ற ஓரிலக்கம் செல்லும். அவ்வோரிலக்கம் பிற்று எனப்படும். எட்டுப் பிற்றுகள் சேர்ந்தது ஒரு பைற்று. கம்பிகள் இரண்டும் தடையி ஒவ்வொன்றின் வாயிலாக மேல் வோல்ற்றளவோடு இணைக்கப்பட்டிருப்பதனால், யாரும் தொடாத வேளையிலே உயர்ந்த நிலையில் நிற்கும். பேச விரும்பும் கருவி கம்பியைக் கீழே இழுக்க வல்லதேயன்றி மேலே தள்ள வல்லதன்று. இந்த ஏற்பாட்டினால் இரு கருவிகள் ஒரே வேளையில் பேச முயன்றாலும் ஒன்றையொன்று எரித்துவிடும் அபாயம் இல்லை. குறைந்த செலவில் வாங்கிய பெரும் பாதுகாப்பு இது.

உரையாடலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தலைமை தாங்கும் கணினி முதலிலே, கடிகாரக் கம்பி உயர்ந்திருக்கும்போது தரவுக் கம்பியைக் கீழே இழுத்துத் தொடக்கத்தை அறிவிக்கும். அடுத்து ஏழு பிற்றுகளால் ஆன முகவரி ஒன்றைச் சொல்லும். எட்டாவது பிற்று, தான் எழுதப் போகின்றதா வாசிக்கப் போகின்றதா என்பதைக் குறிக்கும். அம்முகவரிக்குரிய கருவி ஒன்பதாவது துடிப்பில் கம்பியைக் கீழே இழுத்து, வகுப்பிலே பெயர் கூப்பிடும்போது மாணவன் மறுமொழி கூறுவது போலத் தன் இருப்பைத் தெரிவிக்கும். மறுமொழி இல்லையேல் கருவி இல்லை, அல்லது கம்பி அறுந்தது என்று பொருள். பின்னர் ஒவ்வொரு பைற்றுக்கும் ஒவ்வோர் ஒப்புதல் கிடைக்கும். ஈற்றில், கடிகாரக் கம்பி உயர்ந்திருக்க, தரவுக் கம்பி மேலெழுவதோடு பேச்சு முடிவுறும். வினாடிக்கு ஓரிலட்சம் துடிப்புக்கள் என்ற சாதாரண வேகத்திலே ஒரு முழுக் கட்டளை அரை மில்லிவினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

1995 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனமும் பற்றரி செய்யும் டூராசெல் நிறுவனமும் இப்பாட்டையைத் தழுவி, மடிக்கணினிகளின் பற்றரி விவகாரங்களைக் கவனிப்பதற்கென எஸ்.எம். பஸ் என்ற ஒழுங்கை வகுத்தன. அதன்படி மின்னேற்றிக்கு 9 ஆம் முகவரியும், தன்னிலையைத் தானே அறிவிக்க வல்ல பற்றரிக்கு 11 ஆம் முகவரியும் நியமிக்கப்பட்டன. இவ்வொழுங்கின் சிறப்பு யாதெனில், அளவுகள் யாவும் சாதாரண எண்களாகவே பேசப்படும். வோல்ற்றளவு மில்லிவோல்ற்றிலும் மின்னோட்டம் மில்லியம்பியரிலும் சொல்லப்படும். வெப்பநிலை கெல்வின் பாகையின் பத்திலொரு பங்குகளில் வரும். பற்றரி 2982 என்று விடையளித்தால் அது 298.2 கெல்வின், அதாவது ஏறத்தாழ 25 பாகை செல்சியசு. அன்றியும், 20 ஆம் பதிவேட்டிலே தான் வேண்டும் மின்னோட்டத்தையும் 21 ஆம் பதிவேட்டிலே தான் வேண்டும் வோல்ற்றளவையும் பற்றரி தானே எழுதி வைத்திருக்கும்.

உதாரணமாக, டெக்சாஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் நிறுவனத்தின் பீ.கியூ. 24725 ஏ என்ற மின்னேற்றிச் சில்லை எடுத்துக்கொள்ளலாம். தொடராக இணைத்த நான்கு இலிதியம் கலங்கள் வரை அது மின்னேற்றும். பற்றரியிலுள்ளன போலவே அதிலும் 20 ஆம் பதிவேடு மின்னோட்டத்துக்கும், 21 ஆம் பதிவேடு வோல்ற்றளவுக்கும் உரியன. 63 ஆம் பதிவேடு, சுவரிலிருந்து மின்சாரம் தரும் அடப்ரரிடமிருந்து எவ்வளவு மின்னோட்டம் வரை வாங்கலாம் என்பதை வரையறுக்கும். மின்சாரம் கிடைத்த மாத்திரத்தில் இச்சில்லு மின்னேற்றத் தொடங்குவதில்லை. தொடக்கத்தில் 20 ஆம் பதிவேட்டிலிருப்பது பூச்சியமே. கணினி கட்டளையிடும் வரை அது காத்திருக்கும். பற்றரி நிறைந்தபின் மின்னேற்றத்தை முடித்துவைக்கும் பொறுப்பும் கணினியினுடையதே. பற்றரியின் வெப்பநிலையையும் அச்சில்லு தானாக அளப்பதில்லை. ஆகவே கணினியின் கவனம் இங்கே அலங்காரமன்று, அவசியமாகும்.

மூன்று கலங்களைத் தொடராக இணைத்த பற்றரிக்கு மின்னேற்றுவதாக வைத்துக்கொண்டால், 4.2 வோல்ற்று மும்மடங்காகி 12.6 வோல்ற்று, அதாவது 12,600 மில்லிவோல்ற்று வேண்டும். இச்சில்லு வோல்ற்றளவை 16 மில்லிவோல்ற்றுப் படிகளிலேயே ஏற்கும். 12,600 ஐ 16 ஆல் மீதியின்றி வகுக்க இயலாமையால், எல்லையைத் தாண்டாத கீழ்ப்படியான 12,592 தெரிந்தெடுக்கப்படும். பைற்று ஒன்று 255 க்கு மேற்பட்ட எண்ணைத் தாங்காது. ஆதலின் அவ்வெண் இரண்டாகப் பிரிக்கப்படும். 49 ஐ 256 ஆல் பெருக்க 12,544 ஆகும், எஞ்சுவது 48. எனவே மேற்பைற்று 49, கீழ்ப்பைற்று 48. கணினி முறையே 9 ஆம் முகவரி, 21 ஆம் பதிவேடு, 48, 49 என்று நான்கு பைற்றுகளை அனுப்பும். மின்னோட்டம் 64 மில்லியம்பியர்ப் படிகளில் ஏற்கப்படும். 2,048 மில்லியம்பியர் வேண்டுமாயின் 20 ஆம் பதிவேட்டுக்கு 0, 8 என அனுப்பப்படும். 8 ஐ 256 ஆல் பெருக்கினால் 2,048 வருதல் காண்க.

இங்கே கீழ்ப்பைற்று முந்தியும் மேற்பைற்று பிந்தியும் செல்வதை நேயர்கள் கவனித்திருப்பர். எண்களை இடமிருந்து வலமாக எழுதிப் பழகியவர் இதனை மறந்து வரிசையை மாற்றிவிடுதல் எளிது. மாற்றினால் 2,048 என்பது 8 ஆகிவிடும்; 128 மில்லியம்பியருக்குக் குறைந்த மின்னோட்டத்தை இச்சில்லு கொடாதாகையால் மின்னேற்றம் தொடங்கவே தொடங்காது. 12,592 என்பதோ 12,337 ஆக மாறும். இது முன்னையதிலும் வஞ்சகமான பிழை. எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தோன்றும். பற்றரி மாத்திரம் என்றைக்கும் முழுமையாக நிறையாது. எழுதிய எண்ணை உடனே திரும்ப வாசித்து, அனுப்பியதும் பதிந்ததும் ஒன்றாயிருக்கின்றனவா என்று ஒப்புநோக்குவது நல்ல பழக்கம். ஆனால் எழுதும்போதும் வாசிக்கும்போதும் ஒரே வரிசைப் பிழையைச் செய்தால் இரு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துவிடும். எனவே பற்றரியின் முனைகளிலே வோல்ற்றுமானியை வைத்து ஒருமுறையேனும் கையால் அளந்து பார்ப்பதற்கு ஈடு வேறில்லை.

கம்பிகளை இணைப்பதிலும் சில விதிகள் உண்டு. ராஸ்பெரி பையின் ஊசி முனைகள் 3.3 வோல்ற்றை மட்டுமே தாங்கும். 5 வோல்ற்றுக்கு இழுக்கப்பட்ட பாட்டையை நேராக அதனோடு இணைத்தால் கணினி பழுதாகலாம். மேலிழுக்கும் தடையிகள் 3.3 வோல்ற்றோடேயே இணைக்கப்படல் வேண்டும். மூன்றாம் ஊசி தரவுக்கும் ஐந்தாம் ஊசி கடிகாரத்துக்கும் உரியன. இவ்விரண்டுக்கும் வேண்டிய தடையிகள் அப்பலகையிலேயே அமைந்துள்ளன. இரு கம்பிகள் என்று சொல்லப்பட்டாலும், கணினிக்கும் மின்னேற்றிக்கும் பொதுவான நிலக்கம்பி இல்லாவிட்டால் பேச்சே நிகழாது. தொடக்ககால ராஸ்பெரி பைகளுக்கு மற்றொரு குறையும் இருந்தது. மெதுவாக விடையளிக்கும் கருவி, சற்றுப் பொறுக்குமாறு கடிகாரக் கம்பியைப் பிடித்து வைத்தால், அக்கணினியின் சில்லு சில வேளைகளிலே அதனைச் சரியாக மதிப்பதில்லை; இலக்கங்கள் சிதைந்து போகும். துடிப்பின் வேகத்தைக் குறைத்தோ, பாட்டையை மென்பொருளாலேயே இயக்கியோ இக்குறையை நீக்கலாம்.

இனி, கணினியிலே இயங்கும் நிரல் செய்யவேண்டிய வேலை யாது? முதலில் 9 ஆம் முகவரியில் மின்னேற்றியும் 11 ஆம் முகவரியில் பற்றரியும் மறுமொழி கூறுகின்றனவா என்று பார்க்கும். பற்றரியின் வெப்பநிலை, வோல்ற்றளவு, மின்னோட்டம் ஆகியவற்றை வாசிக்கும். வெப்பநிலை எல்லைக்கு வெளியே இருந்தால் மின்னோட்டப் பதிவேட்டில் பூச்சியத்தை எழுதி நிறுத்தும். உள்ளே இருந்தால், பற்றரி வேண்டும் அளவை, தனக்கென வகுக்கப்பட்ட உச்ச அளவோடு ஒப்பிட்டு, அவற்றுள் சிறியதை மின்னேற்றிக்கு எழுதும். பற்றரிக்குட் செல்லும் மின்னோட்டம் தக்க அளவுக்குக் குறைந்துவிட்டால் மின்னேற்றத்தை முடிக்கும். சிறிது நேரம் ஓய்ந்து மீண்டும் இவற்றை முதலிலிருந்து செய்யும். வாசிப்பு ஏதேனும் கிடைக்காது போனால், முன்னர் கிடைத்த பழைய எண்ணை வைத்துக்கொண்டு தொடர்தல் ஆகாது. அறியாத நிலையிலே நிறுத்துவதே அறிவுடைமை.

கணினிக்கும் சோர்வு உண்டு. நிரல் தடைப்படலாம், நினைவட்டை பழுதடையலாம், முழுக் கணினியுமே உறைந்துபோகலாம். மின்னேற்றி கடைசியாகக் கேட்ட கட்டளையையே காலமெல்லாம் நிறைவேற்றிக்கொண்டிருந்தால் என்ன நேரும்? காவலாளி உறங்கிவிட்டான், வீட்டுக் கதவு திறந்தபடி கிடக்கின்றது என்ற நிலை. இதனை முன்னறிந்தே சில்லைச் செய்தோர் அதற்குள் காவற்கடிகாரம் ஒன்றை வைத்தனர். மின்னோட்டத்தையோ வோல்ற்றளவையோ குறிக்கும் கட்டளை 175 வினாடிகளுக்குள் மீண்டும் வராவிட்டால், இச்சில்லு மின்னேற்றத்தைத் தானே நிறுத்திவிடும். கட்டளை மாறாதிருந்தாலும் அதே எண்ணைக் கணினி திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருத்தல் வேண்டும். இராக்காவலன் மணிக்கொருமுறை மணியடிப்பது நேரத்தைச் சொல்வதற்கு மட்டுமன்று, தான் விழித்திருப்பதைத் தெரிவிப்பதற்குமாம். இக்கடிகாரத்தின் காலத்தைக் குறைக்கலாம். முற்றாக நிறுத்திவிடவும் வழியுண்டு. நிறுத்திவிடும் வழி, சோதனைச் சாலையிலன்றி வேறெங்கும் நாடத்தக்கதன்று.

இக்காவலையும் ஏமாற்றும் பிழை ஒன்று உண்டு. நிரல் எழுதுவோர் சிலர், கடிகாரம் அடிக்கடி மின்னேற்றத்தை நிறுத்துவதைக் கண்டு சலித்து, நிமிடத்துக்கொருமுறை பழைய எண்ணையே தானாக எழுதும் தனிப்பகுதி ஒன்றை நிரலிலே சேர்த்துவிடுவர். வெப்பநிலையை வாசித்துத் தீர்மானிக்கும் பகுதி செயலற்றுப் போனாலும், இத்தனிப்பகுதி ஓயாது கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும். மின்னேற்றியோ கணினி விழித்திருப்பதாகவே நம்பும். மணியடிப்பதற்கு ஒரு யந்திரத்தை வைத்துவிட்டுக் காவலன் உறங்கப் போனதற்கு இது ஒப்பாகும். ஆகவே கட்டளையைப் புதுப்பிக்கும் செயல், வாசித்தல், ஆராய்தல், தீர்மானித்தல் என்ற மூன்றும் குறைவற நிறைவேறிய பின்னர், அச்சங்கிலியின் கடைசிக் கண்ணியாக மட்டுமே அமைதல் வேண்டும். அளந்து பார்த்தவனே மணியடிக்கும் உரிமை உடையவன்.

இவ்வளவு செய்தும் பிழை நேரலாம். மூன்று கலங்கள் உள்ள பற்றரிக்கு, நான்கு கலங்களுக்குரிய 16,800 மில்லிவோல்ற்றைக் கணினி தவறுதலாகக் கட்டளையிட்டால், அவ்வெண் 19,200 என்ற சில்லின் எல்லைக்குள் அடங்குவதால் மின்னேற்றி அதற்கும் பணிந்துவிடும். காவற்கடிகாரம் இங்கே உதவாது. கட்டளை ஒழுங்காகவே வந்துகொண்டிருக்கின்றதல்லவா? ஆகையால் கணினியின் சொல்லுக்குக் கட்டுப்படாத தடைகளும் வேண்டும். இச்சில்லில் மின்னோட்டத்துக்கென ஒரு தனிமுனை உண்டு. அதில் இணைக்கும் தடையிகளால் உச்ச அளவு ஒன்றை நிலையாக விதித்துவிடலாம். கணினி அதற்கு மேலே கேட்டாலும் கிடையாது. பற்றரியின் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, கலம் ஒன்று ஏறத்தாழ 4.25 அல்லது 4.3 வோல்ற்றைத் தாண்டியதும் இணைப்பைத் துண்டிக்கும். ஈற்றில் உருகி நிற்கும். பாதுகாப்புச் சுற்று இல்லாத வெறுங் கலங்களை இத்தகைய முயற்சிகளில் பயன்படுத்துதல் கூடாது.

மற்றொரு சிக்கலும் உண்டு. மின்னேற்றியை ஆளும் கணினி அதே பற்றரியினால் உயிர்வாழ்வதாயின், பற்றரி தீர்ந்தபின் மின்னேற்றக் கட்டளை இடுவார் யார்? இச்சில்லு இதற்கும் விடை தருகின்றது. சுவர் மின்சாரம் மீண்டவுடன், கணினியின் கட்டளைக்குக் காத்திராமலே, கருவியின் பாரத்தைப் பற்றரியிலிருந்து அடப்ரருக்கு அது மாற்றிவிடும். கணினி அம்மின்சாரத்தினால் விழித்தெழுந்து, பற்றரியின் நிலையை ஆராய்ந்து, பின்னரே மின்னேற்றத் தொடங்கும். அதேபோல, பற்றரி அடிமட்டத்தை அணுகும்போது கணினி தன் கோப்புக்களை மூடி ஒழுங்காக அணைந்துவிடுதல் நன்று. திடீரென மின்சாரம் அறுந்தால் நினைவட்டையிலுள்ள பதிவுகள் சிதையலாம். பற்றரியின் நூற்றுவீத நிலையைப் பாட்டை வழியே கேட்டறியும் வசதி இருக்கையில், அந்த நட்டத்தை ஏற்க வேண்டியதில்லை.

இம்முயற்சியில் ஈடுபட விரும்பும் இளைஞர்கள் முதலில் பற்றரியை இணைக்காமலே பேச்சைப் பழகுதல் வேண்டும். பதிவேடுகளை வாசித்தல் மட்டும் செய்து, சில்லின் அடையாள எண்கள் நூலிற் கண்டவாறே வருகின்றனவா என்று பார்த்தல் முதற்படி. குறைந்த மின்னோட்டத்தோடு, கண்முன்னே, எரியாத தளத்தின் மேல் வைத்து மின்னேற்றிப் பார்த்தல் இரண்டாம் படி. தரவுக் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, 175 வினாடிகளுக்குள் மின்னேற்றம் நிற்கின்றதா என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சோதித்தல் மூன்றாம் படி. இந்த மூன்றாவது சோதனையில் தேறாத ஏற்பாட்டை, ஆளில்லாத வீட்டிலோ உறங்கும் வேளையிலோ ஒரு நாளும் இயங்க விடலாகாது. மின்னேற்றம் ஒழுங்காக நடப்பதைக் காண்பது எளிது. நிற்கவேண்டிய வேளையில் அது நிற்கும் என்பதை நேரிலே கண்டவரே அக்கருவியை நம்பத் தகுதியுடையவர்.